இறக்கைக்குள் ஓடும் ஒயர்

சொந்தமாக விமானம் கட்டுகிறவர் அதை இரவிலும் ஓட்ட ஆசைப்பட்டால், அமெரிக்க வான்பயண விதிகள் அவரிடம் சில விளக்குகளைக் கேட்கின்றன. இடது இறக்கை நுனியில் சிவப்பு, வலது நுனியில் பச்சை, பின்பக்கம் பார்க்க வெள்ளை. கூடவே, தொலைவிலிருந்தே கண்ணில் படும்படி விட்டு விட்டு எரியும் மோதல் தடுப்பு விளக்கு. ஓடுபாதையைப் பார்த்து இறங்குவதற்கான முன்விளக்கு மட்டும் வாடகைக்கு ஓட்டுபவருக்குத்தான் கட்டாயம். சொந்தத்துக்குப் பறப்பவர் அது இல்லாமலே சட்டப்படி இரவில் இறங்கலாம். முதலில் படித்தபோது எனக்கு இது விந்தையாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் நியாயம் புரிகிறது. தரை தெரியாமல் இறங்கினால் ஆபத்து பெரும்பாலும் ஓட்டுகிறவருக்கு. தன் இருப்பைக் காட்டாமல் பறந்தால் அந்த வானத்தில் இருக்கும் எல்லோருக்கும் ஆபத்து. சட்டம் இரண்டாவதில்தான் கறாராக நிற்கிறது.

அந்த மூன்று நிறங்களுக்கும் கோணக் கணக்கு உண்டு. சிவப்பு நேர் முன்னிருந்து இடப்பக்கமாக 110 பாகை வரை தெரிய வேண்டும். பச்சை வலப்பக்கமாக அதே 110. மீதி 140 பாகை வெள்ளைக்கு. இருட்டில் எதிரே வரும் விமானத்துக்கு உருவம் கிடையாது, நிறம் மட்டும்தான். சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் அது நம்மை நோக்கி வருகிறது. வெள்ளை மட்டும் தெரிந்தால் நமக்கு முதுகு காட்டிப் போகிறது. நம் வலப்பக்கத்தில் சிவப்பு தெரிந்தால் அது குறுக்கே இடப்பக்கம் கடக்கப் போகிறது. குறுக்குப் பாதையில் வலப்பக்கம் இருப்பவருக்கே முதல் வழி என்பது விதி. எனவே சிவப்பைப் பார்ப்பவர்தான் விலக வேண்டும். அதே நேரம் அந்த விமானிக்கு நம் பச்சை தெரிந்துகொண்டிருக்கும். 19ஆம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல்களுக்காக வந்த ஏற்பாடு இது. ரேடியோவில் ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு அந்நியர்கள் யார் ஒதுங்குவது என்று முடிவு செய்துகொள்கிறார்கள். இறக்கை நுனியில் விளக்கைச் சற்றே திருகலாக மாட்டிவிட்டால், எதிரே வருகிறவருக்கு நாம் பொய் சொல்கிறோம்.

என் பக்கத்து வீட்டுக்காரர் தன் கார் ஷெட்டில் ஆர்வி-7 என்ற இரண்டு இருக்கை விமானத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறார். ஆரிகன் மாநிலத்தில் ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வன் 1970களில் தொடங்கிய வான்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பு அது. அந்த நிறுவனத்தின் ஆர்வி வரிசையில் மட்டும் 11,000 விமானங்களுக்கு மேல் இப்படித் தனி ஆட்களின் கையால் முடிந்து வானேறியிருக்கின்றன. கற்பதற்காகவோ விருப்பத்துக்காகவோ ஒருவர் பெரும்பகுதியைத் தானே கட்டினால், அதைச் சோதனை விமானம் என்ற பிரிவில் பதிவு செய்ய அமெரிக்கச் சட்டம் இடம் தருகிறது. இவர் தொலைபேசித் துறையில் கேபிள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் சனிக்கிழமைகளில் அவருக்குக் கையாள். ஒயரின் மறுமுனையைப் பிடிப்பது, பெயர்ச்சீட்டு ஒட்டுவது, டார்ச் அடிப்பது என் வேலை.

தகடு வெட்டவும் ரிவெட் அடிக்கவும் கிட்டுடன் வரும் வரைபடங்கள் விளக்கமாக வழிகாட்டுகின்றன. மின்சாரத்துக்கு வந்ததும் பல முடிவுகள் கட்டுகிறவர் தலையில் விழுகின்றன. இறக்கையில் விளக்கை மாட்டப் போவதாகத்தான் நானும் நினைத்துக்கொண்டு போனேன். விளக்கை மாட்டுவது கடைசி அரை மணி நேர வேலை என்பது போகப் போகத் தெரிந்தது. மற்ற நேரமெல்லாம் அவர் ஒவ்வொரு ஒயரையும் கையில் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார். இது அறுந்தால் என்ன ஆகும், உரசினால் என்ன ஆகும், சூடானால் என்ன ஆகும்? பதில் கிடைக்கும் வரை அந்த ஒயர் இறக்கைக்குள் போவதில்லை.

ஒயரே வேறு வகை. வீடுகளில் ஓடும் பிவிசி உறை ஒயர் தீயில் கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைக் கக்கும். இரண்டு பேர் தோளுரச உட்காரும் கண்ணாடிக் கூண்டுக்குள் அந்தப் புகை வந்தால் கண்ணும் போகும், மூச்சும் போகும். அதனால் டெஃப்செல் என்ற உறை போட்ட விமான ஒயர். மெல்லியது, எடை குறைவு, 150 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும், எளிதில் தீப்பற்றாது. உள்ளே வெள்ளீயம் பூசிய மெல்லிய செப்பு இழைகள். விளக்குகளுக்குப் பெரிதும் பயன்படும் 22 கேஜ் ஒயருக்குள்கூட 19 இழைகள். எஞ்சின் அதிரும்போது ஒற்றைக் கம்பி வளைந்து வளைந்து ஓரிடத்தில் முறிந்துவிடும். பல இழைகள் அந்த ஆட்டத்தைப் பகிர்ந்துகொள்ளும்.

ஆர்வி-7இன் இறக்கையில் பெட்ரோல் டேங்க் முன்விளிம்பில் இருக்கிறது. ஒயர் பிரதான தண்டுக்குப் பின்னால், ரிப் எனப்படும் குறுக்குத் தகடு ஒவ்வொன்றிலும் உள்ள துளை வழியாக நுனிவரை போகிறது. அலுமினியத் தகட்டில் போட்ட துளையின் விளிம்பு கத்தி. அதன் மேல் ஒயர் நேராகப் படுத்தால், ஆண்டுக்கணக்கான அதிர்வில் உறை தேய்ந்து செம்பு வெளியே வரும். அந்த நாளில் விமானத்தின் உடம்பு முழுவதும் எர்த் என்பதால் அங்கேயே ஷார்ட் ஆகும். எனவே ஒவ்வொரு துளைக்கும் ஒரு நைலான் வளையம், அல்லது நுனிவரை ஒரே நெளிகுழாய். இவர் குழாயைத் தேர்ந்தெடுத்தார். ஒயரை இழுத்துவிட்ட பிறகு வெறும் நைலான் நூல் ஒன்றையும் குழாய்க்குள் கூடவே விட்டார். நாளைக்கு இன்னொரு ஒயர் தேவைப்பட்டால் அந்த நூலில் கட்டி இழுத்துக்கொள்ளலாம். அடித்தகட்டை ரிவெட் அடித்து மூடிய பிறகு உள்ளே கை நுழைக்க ஒன்றிரண்டு ஆய்வுத் துளைகள்தான் மிஞ்சும்.

ஒயர்களைக் கட்டாகக் கட்டும்போதுதான் அவருடைய பழைய தொழில் வெளியே வருகிறது. பிளாஸ்டிக் டை இருக்கிறதே என்றேன். வெட்டிய முனை கையைக் கீறும், இறுக்கினால் உறையில் பதியும், வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் காய்ந்து நொறுங்கும் என்றார். மெழுகு பூசிய நூலை எடுத்து, ஒவ்வொரு நாலு விரல் இடைவெளியிலும் தனித்தனி முடிச்சாகப் போட்டுக்கொண்டு போனார். ஒரு முடிச்சு அறுந்தாலும் அடுத்தது பிடித்திருக்கும். பழைய தொலைபேசி நிலையங்களில் கேபிள்களை இப்படித்தான் கட்டினார்கள். விண்கலங்களின் ஒயர்களும் இந்த நூலால்தான் கட்டப்பட்டன. இந்த வேலை யார் கண்ணிலும் படப்போவதில்லை. எனக்கோ அந்த விமானத்தில் ஆக அழகான பகுதி அதுதான்.

ஒயர் முனைகளில் லக் என்ற உலோக இணைப்பை அடிக்கும் கருவியும் சாதாரண பிளையர் இல்லை. முழு அழுத்தம் கொடுக்கும்வரை வாய் திறக்காத ராட்செட் வகை. ஒரே அழுத்தலில் இரண்டு இடத்தில் கவ்வுகிறது, ஒன்று செம்பை, இன்னொன்று உறையை. செம்பைக் கவ்வுவது மின்சாரத்துக்கு, உறையைக் கவ்வுவது அதிர்வுக்கு. சால்டர் வைத்தால் இன்னும் உறுதிதானே என்று பலர் நினைக்கிறார்கள். உருகிய ஈயம் இழைகளுக்கிடையே ஏறி அந்த நீளத்தை ஒற்றைக் கம்பியாக்கிவிடுகிறது. ஈயம் முடியும் இடத்தில் தாங்கல் இல்லாவிட்டால், முறிவு சரியாக அங்கேதான் வரும்.

எல்லாவற்றையும்விட அதிகத் தொல்லை தருவது எர்த். விளக்குக்குப் போகும் ஒயரைப் பற்றி எல்லோரும் யோசிக்கிறார்கள், மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அலுமினிய விமானத்தில் உடம்பே திரும்பும் வழி என்று சொல்லிக்கொடுப்பார்கள். ஆனால் ஆர்வியின் இறக்கை நுனி கண்ணாடியிழை! சிவப்பும் பச்சையும் உட்காரும் இடத்தில் உலோகமே இல்லை. அங்கிருந்து கடைசி ரிப்புக்கு ஓர் எர்த் ஒயர் வந்தே ஆக வேண்டும். அந்த ரிப்பிலும் பிரைமரைச் சுரண்டி, பளபளக்கும் உலோகம் தெரிந்த பிறகே லக்கை முறுக்க வேண்டும். பெயின்ட்டும் அலுமினியத்தின் மேல் தானாகப் படரும் ஆக்ஸைடு படலமும் மின்சாரத்துக்குச் சுவர்கள். விமான வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டானின் லாங்-ஈஸி போல உடம்பு முழுவதும் கண்ணாடியிழையான விமானங்களில் போக ஓர் ஒயர், வர ஓர் ஒயர் என்று ஒவ்வொரு விளக்குக்கும் இரட்டையாகவே இழுக்க வேண்டும். விமானக் கூடங்களில் விளக்கு மினுக்குகிறது என்று யாராவது சொன்னால், அனுபவஸ்தர் பல்பைத் தொடுவதற்கு முன் எர்த்தைத்தான் தொடுகிறார்.

காக்பிட் கருவிகளுக்கு எர்த் வேறு கதை. ரேடியோவும் விளக்கும் ஆல்டர்னேட்டரும் ஆளுக்கோர் இடத்தில் உடம்பைத் தொட்டால், ஒன்றின் மின்னோட்டம் இன்னொன்றின் பாதையில் கலந்து ஹெட்செட்டில் ஓர் ஊளைச் சத்தமாகக் கேட்கும். எஞ்சின் வேகம் கூடக் கூட ஊளையும் ஏறும். எஞ்சினுக்கும் காக்பிட்டுக்கும் நடுவிலுள்ள தடுப்புச் சுவரில் ஒரு பித்தளைத் தகடு வைத்து, எல்லா எர்த்தையும் அங்கே கொண்டுவந்து சேர்ப்பதுதான் மருந்து. கேன்சாஸைச் சேர்ந்த பொறியாளர் ராபர்ட் நக்கல்ஸ் எழுதிய ‘ஏரோஎலெக்ட்ரிக் கனெக்ஷன்’ என்ற நூல் இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தே ஒரு தலைமுறைக் கட்டுநர்களை வளர்த்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரின் பிரதியில் அந்த அத்தியாயம் கிரீஸ் கறையால் கறுத்திருக்கிறது.

எல்இடி வந்தபின் விளக்கு வேலை லேசாகிவிட்டது, சந்தேகமில்லை. பழைய இறக்கை நுனி பல்பு ஒன்று 26 வாட், ஏறத்தாழ 2 ஆம்பியர் குடிக்கும். பல காலம் முன்விளக்காக இருந்த 4509 என்ற பல்பு 100 வாட், அதன் ஆயுள் 25 மணி நேரம் என்றுதான் குறிக்கப்பட்டிருந்தது. 8 ஆம்பியர் போகும் அந்த விளக்குக்கு 5 மீட்டர் தூரம் 18 கேஜ் ஒயர் இழுத்தால் வழியிலேயே 0.8 வோல்ட் கரைந்துவிடும். 14 வோல்ட் அமைப்பில் தொடர்ந்து எரியும் விளக்குக்கு அரை வோல்ட் வரைதான் இழப்பு இருக்கலாம் என்பது அமெரிக்க வான்பயண நிர்வாகத்தின் கையேட்டுக் கணக்கு. எனவே கனத்த ஒயர், அதற்கேற்ற எடை. எல்இடிக்கு இதெல்லாம் குறைந்துபோனது. இரவில் ஆல்டர்னேட்டர் நின்று, பேட்டரியை மட்டும் நம்பி அடுத்த விமான நிலையத்தைத் தேடும்போது அந்த மிச்சம் உயிர் காக்கும் மிச்சம்.

ஆனால் எல்இடிக்குள் மின்னோட்டத்தை வேகமாக வெட்டி வெட்டி அனுப்பும் சின்னச் சுற்று இருக்கிறது. மலிவான கார் விளக்கை வாங்கி மாட்டினால் அந்தச் சுற்றே ஒரு குட்டி ரேடியோ நிலையமாகி, கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசும் அலைவரிசையில் இரைச்சலைக் கொட்டும். இறக்கையில் திசைகாட்டி உணரியை வைப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி. விளக்கு ஒயரின் மின்னோட்டம் உண்டாக்கும் காந்தப்புலம் உணரியைக் குழப்பும். ஸ்விட்சைப் போட்டதும் திரையில் திசை சில பாகை நகர்ந்தால், உணரியை இடம் மாற்ற வேண்டும், அல்லது போகும் ஒயரையும் வரும் ஒயரையும் ஒன்றோடொன்று முறுக்கி விட வேண்டும். தரையில் பார்க்க வேண்டிய சோதனை இது. மேகத்துக்கு மேலே கண்டுபிடித்துப் பயனில்லை.

எங்கள் இருவருக்கும் பெரிய வாக்குவாதம் ஃபியூஸில்தான் வந்தது. ஃபியூஸ் விளக்கைக் காப்பாற்ற இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது காப்பாற்றுவது ஒயரை. 22 கேஜுக்கு 5 ஆம்பியர், 18 கேஜுக்கு 10 என்று ஒயரின் தடிமனைப் பார்த்துத்தான் ஃபியூஸ். அதுவும் பேட்டரிப் பக்கத்து முனையில் இருக்க வேண்டும், விளக்குப் பக்கம் வைத்தால் நடுவில் உள்ள ஒயர் முழுவதும் காவலின்றிக் கிடக்கும். இதில் எங்களுக்குள் பேதமில்லை. எல்லாவற்றுக்கும் கைக்கெட்டும் தூரத்தில், இழுத்தும் தள்ளியும் இயக்கும் சர்க்யூட் பிரேக்கர் வேண்டும் என்றார் அவர். கையே எட்டாத இடத்தில் கார் ஃபியூஸ் பெட்டி போதும் என்பது என் கட்சி. நக்கல்ஸின் கட்சியும் அதுதான்.

நான் அவருக்கு நினைவூட்டியது ஒரு விபத்தை. 2007 ஜூலை 10 அன்று ஃப்ளோரிடாவின் சான்ஃபோர்டில் செஸ்னா 310 என்ற இரட்டை எஞ்சின் சிறு விமானம் வீடுகளின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த இருவரும் தரையில் மூவரும் இறந்தார்கள். முந்தைய நாள் வேறொரு விமானி அதில் கருகல் வாடையை உணர்ந்து, வானிலை ரேடாரின் பிரேக்கரை இழுத்துவிட்டார், வாடை நின்றது. குறிப்பும் எழுதி வைத்தார். பழுது பார்க்கப்படாமலே விமானம் மறுநாள் கிளம்பியது. அந்த பிரேக்கர் மறுபடி உள்ளே தள்ளப்பட்டிருக்கக்கூடும் என்று விசாரணை முடிவு செய்தது. துண்டிக்கப்பட்ட மின்சாரம் திரும்பவும் அதே பழுதான ஒயருக்குப் போனது. கைக்கெட்டும் பிரேக்கர் மனிதனைத் தள்ளிப் பார்க்கத் தூண்டுகிறது. விளக்கு போய்விட்ட இருட்டில், பதற்றத்தில், அந்தத் தூண்டுதல் இன்னும் வலுவாக இருக்கும். ஒரு விளக்கு போனால் போகட்டும், தரையில் இறங்கிக் காரணத்தைத் தேடலாம் என்று இருக்கும்படி விமானத்தைக் கட்டிவிட்டால், வானத்தில் யாரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

சந்தேகம் வந்த சுற்றை இழுத்துத் துண்டிக்கும் வசதி வேண்டாமா என்று அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அதற்கு ஸ்விட்ச் இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விளக்குகள் எல்லாம் ஃபியூஸுக்குப் போயின. ஆல்டர்னேட்டரின் கட்டுப்பாட்டுச் சுற்றுக்கு மட்டும் பலகையில் ஒரு பிரேக்கர் நின்றது. அது வோல்ட் எகிறும்போது ஆல்டர்னேட்டரை நிறுத்தவேண்டிய இடம். அங்கே அவர் சொன்னதுதான் சரி.

இறக்கையின் அடித்தகடு இன்னும் திறந்திருக்கிறது. எல்லா விளக்குகளையும் சேர்த்து நீண்ட நேரம் எரியவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொட்டுச் சூடு பார்த்த பிறகே மூடுவது என்று இருக்கிறார். அடுத்த சனிக்கிழமை எனக்கு அந்த வேலை.