எது வந்தது, யார் பாடச் சொன்னது?

முப்பது ஆண்டு தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்தவள் நான். ஒருமுறை மூன்றாம் வகுப்பில் வலிப்பு உள்ள பையன் ஒருவன் இருந்தான். வகுப்பில் ஒரே தடவைதான் விழுந்தான். கையில் சாவிக்கொத்தைத் திணிக்க ஓடிவந்தவர்களைத் தடுத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். என் வேலை அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகொரு நாள் காக்காய், நரி கதையைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். "அது வந்துச்சு. அவன் பாடுன்னான். மழை பெஞ்சதால விழுந்துருச்சு" என்றான். வகுப்பே சிரித்தது. "கவனம் எங்கடா இருக்கு?" என்று நானும் அதட்டினேன். எது வந்தது, யார் பாடச் சொன்னது, மழை எப்படி நுழைந்தது என்று யோசிக்கவில்லை.

லாஸ் ஏஞ்சலிஸில் குழந்தை மனநல மருத்துவர் ரோஷெல் கேப்லன் 1990களில் இதையே ஆராய்ந்திருக்கிறார் என்று பின்னாளில் படித்தேன். பிள்ளைகளுக்குக் கதை சொல்லி, அவர்களைப் பேசவைத்துக் கேட்டார். மூளையின் ஒரு பகுதியில் தொடங்கி நினைவு மங்கும் வகை வலிப்பு உள்ள பிள்ளைகளிடம், காரணம் பொருந்தாத பேச்சு மற்றவர்களைவிட அதிகம் இருந்தது. யாரைப் பற்றிப் பேச்சு என்பதும் கேட்பவருக்குப் பிடிபடாமல் நழுவியது. இது மக்குத்தனமும் அல்ல, திமிரும் அல்ல. கண் நிலைகுத்திச் சில நொடிகளே நிற்கும் இன்னொரு வகை வலிப்பு, ஒரே நாளில் பலமுறை வரலாம். பாடத்தின் நடு வாக்கியம் அதில் போய்விடும். சில மாத்திரைகளும் யோசனையை மந்தமாக்கும்.

முறையாக மருந்து கொடுத்தால் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நல்ல செய்திதான். ஆனால் ஓ.பி.யில் "எத்தனை தடவை வந்துச்சு?" என்பதோடு கேள்வி நின்றுவிடுகிறது. "பிள்ளை எப்படிப் பேசுறான், படிக்கிறான்?" என்றும் கேட்க வேண்டும். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவின் பட்டியலில் வலிப்பும் உண்டு. அந்தக் குழு வகுப்பாசிரியரிடம் இதை விசாரிக்கலாம். ஆசிரியரும் பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே ஒரு தாளில் எழுதி, அம்மாவிடம் கொடுத்தனுப்பலாம். மாத்திரைச் சீட்டோடு அதுவும் மருத்துவர் மேசைக்குப் போகட்டும்.

நான் அப்படி எழுதிக் கொடுக்கவில்லை. ஆண்டுக் கடைசியில்தான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "அது"வுக்கு ஒருமுறை, "அவனு"க்கு ஒருமுறை, "யாரு?" என்று மெதுவாகக் கேட்கப் பழகினேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "காக்கா, டீச்சர்", "நரி, டீச்சர்" என்று சரியாகவே சொன்னான்.