பாதி ஒலி

ஷில்லாங்கின் லைதும்க்ரா பகுதியில் இரண்டு நண்பர்களுக்கு இடையே சில வாரங்கள் பேச்சே இல்லாமல் போனதற்குக் காரணம் ஓர் ஆம்ப்ளிஃபயர். இரண்டு கிடார்காரர்கள், ஒரே ஆம்ப், அதில் இரண்டு சானல்கள். ஒருவர் 'பிரைட்' சானலில் வாசிப்பார், மற்றவர் 'நார்மல்' சானலில். நார்மல்காரரின் கிடார் எப்போதும் அமுங்கியே கேட்டது. குமிழை முழுக்கத் திருகினாலும் பக்கத்துச் சானலின் பாதி வேகம்தான். சமமாக்க வேண்டுமென்றால் பிரைட்காரர் தன் ஒலியைக் குறைக்க வேண்டும். எந்தக் கிடார்காரர் குறைத்திருக்கிறார்? போதாததற்கு, ஆம்ப்பைக் கட்டியவரும் அவர்தான். சந்தேகம் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பாப் டிலனின் பிறந்த நாளுக்கு உள்ளூர்ப் பாடகர் லூ மஜாவ் 1972-இலேயே கச்சேரி நடத்தத் தொடங்கிய ஊர் அது. அங்கே கிடார் சத்தம் குறைவதைச் சின்ன விஷயமாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

டிரான்சிஸ்டர் வந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் கிடார்காரர்கள் வால்வை விடவில்லை. அளவுக்கு மீறி ஒலியைக் கூட்டும்போது வால்வு கரகரக்கும் விதம் காதுக்கு இதமாக இருப்பது முக்கியக் காரணம். வீட்டிலேயே கட்டுகிறவர்கள் அதிகம் நாடும் வரைபடங்களில் ஒன்று மார்ஷல் ஜே.டி.எம்.45. உண்மையில் அதுவே ஒரு நகல்தான். லண்டனின் ஹான்வெல் பகுதியில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலும் அவருடைய ஆட்களும், அமெரிக்க ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்ப்பின் இறக்குமதி விலை கட்டுப்படியாகாததால், அதன் வரைபடத்தைப் பின்பற்றி, உள்ளூரில் கிடைத்த பாகங்களைக் கொண்டு 1962-இல் கட்டியது.

ஷில்லாங் இளைஞரும் அதையேதான் செய்தார். டிரான்ஸ்ஃபார்மர்கள் கொல்கத்தா சாந்தினி சௌக்கில் சொல்லிச் சுற்றியவை. முதல் வால்வான இ.சி.சி.83, பாரத் எலெக்ட்ரானிக்ஸின் பழைய சரக்கு. 1954-இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட அந்தப் பொதுத்துறை நிறுவனம் 1961-இல் ரேடியோ வால்வுகள் தயாரிக்க ஆரம்பித்தது. அந்த உற்பத்தி நின்று வெகுகாலம் ஆகிறது. மிச்சச் சரக்கை இப்போது வெளிநாட்டு ரசிகர்கள் தேடி வாங்குகிறார்கள். ஒரு காலத்தில் ரேடியோ ரிப்பேர் கடைகளில் அட்டைப் பெட்டி அட்டைப் பெட்டியாகக் கிடந்த பொருள்.

சத்தம் குறைந்ததும் அவர் செய்தது பெரும்பாலோர் செய்வதுதான்: செலவு. முதலில் இரண்டு அவுட்புட் வால்வுகளை மாற்றினார். பலனில்லை. பிறகு முதல் வால்வை. அதுவும் இல்லை. 2022-இல் உக்ரைன் போரை அடுத்து ரஷ்ய வால்வுகளின் வரத்து தடைபட்டது முதல் இவை மலிவான பொருளும் அல்ல. அடுத்து ஸ்பீக்கரை மாற்றலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், போலீஸ் பஜார் பக்கம் முன்பு ரேடியோ ரிப்பேர் செய்துவந்த ஒரு முதியவரிடம் ஆம்ப் போய்ச் சேர்ந்தது.

அவர் உடனே மூடியைக் கழற்றவில்லை. ஒரே கிடாரை, ஒரே கேபிளில், இரண்டு சானல்களிலும் மாற்றி மாற்றிச் செருகச் சொன்னார். நண்பர்கள் இருவரும் அதுவரை அவரவர் கிடாரில்தான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்! கிடார்களின் பிக்கப் ஒன்றைவிட ஒன்று வலுவாக இருக்கலாம். இங்கே அது இல்லை. கிடார் மாறியும் நார்மல் சானல்தான் பலவீனம். அடுத்து, அடித்தந்தியை மட்டும் மீட்டச் சொன்னார். இந்த வரைபடத்தில் பிரைட் சானலின் வால்யூம் கன்ட்ரோலில் 100 பைகோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று உண்டு. குமிழ் தாழ்ந்திருக்கும்போது அது கீச்சொலியை மட்டும் தூக்கிக்கொடுக்கும். பிரைட் கொஞ்சம் கூர்மையாகக் கேட்பது இயல்பு, கோளாறு அல்ல. பின்னாளில் வந்த மார்ஷல் மாடல்களில் இரண்டு சானல்களுக்கும் வேறு வேறு மதிப்புள்ள பாகங்களே போட்டிருக்கிறார்கள். அங்கே சமத்துவத்தை எதிர்பார்ப்பதே தவறு. ஆனால் ஷில்லாங்கில் அடித்தந்தியும் பாதியாகத்தான் கேட்டது. ஆக, கோளாறு உண்மைதான்.

அவுட்புட் வால்வுகளை மாற்றியதை அறிந்து முதியவர் சிரித்தாராம். காரணம் எளிது. இரண்டு சானல்களும் தனித்தனியாக இருப்பது கொஞ்ச தூரம்தான். ஜாக், முதல் வால்வில் ஆளுக்கொரு பாதி, 100 கிலோ ஓம் பிளேட் ரெசிஸ்டர், ஒரு கெபாசிட்டர், வால்யூம் கன்ட்ரோல், 270 கிலோ ஓம் ரெசிஸ்டர். அதற்கப்பால் இரண்டும் கலந்துவிடுகின்றன. அவுட்புட் வால்வும் ஸ்பீக்கரும் பழுதானால் இரண்டு சானலும் சேர்ந்தே படுக்கும். ஒன்றை மட்டும் ஓரவஞ்சனையாக அமுக்க அவற்றுக்குத் தெரியாது. கலக்குமிடத்துக்கு முன்பும்கூட, இந்த வரைபடத்தில் முதல் வால்வின் இரண்டு பாதிகளுக்கும் கேதோடில் 820 ஓம் ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் பொது. அவையும் விடுதலை. மிச்சம் சானலுக்கு ஏழெட்டு பாகங்கள். முதல் வால்வைப் புதிதாகப் போட்டும் அதே பக்கம் அமுங்கியதால் வால்வும் நிரபராதி.

மிச்சமுள்ளவற்றிலும் குமிழைத் திருகிப் பார்த்தே சிலவற்றைக் கழிக்கலாம். பாதித் திருகலில் பெரிய வித்தியாசம், முழுத் திருகலில் வித்தியாசமே இல்லை என்றால், ஒரு சானலில் லாக் கன்ட்ரோலும் இன்னொன்றில் லீனியரும் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். நடுவில் நிற்கும்போது லீனியர் பாதி சிக்னலை விடும். லாக் பத்தில் ஒரு பங்கு அல்லது சற்று அதிகம்தான் விடும். நமது கடைகளில் வரும் ஆசியச் சரக்கில் 'ஏ' என்றால் லாக், 'பி' என்றால் லீனியர். பழைய ஐரோப்பியச் சரக்கு சிலவற்றில் 'ஏ' தான் லீனியர். இந்த எழுத்தை நம்பி மோசம் போனவர்கள் உண்டு. எந்தத் திருகலிலும் ஒலி மிக மெலிவாக இருந்தால் கலக்கும் ரெசிஸ்டரின் வண்ணப் பட்டைகளைப் பார்க்க வேண்டும்: சிவப்பு, ஊதா, மஞ்சள் என்றால் 270 கிலோ ஓம். மஞ்சளுக்குப் பதில் பச்சை இருந்தால் பத்து மடங்கு. டியூப்லைட் வெளிச்சத்தில் இரவு பதினொரு மணிக்குப் பற்றவைப்பவர்களுக்கு இது அடிக்கடி நேர்வது.

ஷில்லாங் ஆம்ப்பில் எல்லாத் திருகலிலும் வித்தியாசம் ஒரே மாதிரி இருந்தது. சரி பாதி. முதியவர் கேபிளை நார்மல் சானலின் முதல் துளையிலிருந்து உருவி இரண்டாம் துளையில் செருகினார். ஆம்ப் முழங்கியது.

ஒவ்வொரு சானலுக்கும் இரண்டு துளைகள். ஒன்றாம் துளையில் செருகினால் சிக்னல் முழுதாக வால்வுக்குப் போகும். இரண்டாம் துளையில் செருகினால், ஆளில்லாத ஒன்றாம் ஜாக்கின் சுவிட்ச் தன் 68 கிலோ ஓம் ரெசிஸ்டரை எர்த்தில் சேர்த்துவிடும். இரண்டு 68-களுக்கு நடுவே சிக்னல் பாதியாகப் பங்கு போகும். வலுவான கருவிகளுக்காக வேண்டுமென்றே செய்த ஏற்பாடு இது. படம் பேனலை முன்னாலிருந்து பார்த்து வரைந்தது, பற்றவைப்பதோ பின்னாலிருந்து. பிரைட் ஜோடியைச் சரியாகப் போட்ட இளைஞர், மறுநாள் நார்மல் ஜோடியை இடவலம் மாற்றிப் போட்டுவிட்டார்.

வயர்களை மாற்றப் பத்து நிமிடம்தான். ஆனால் அதற்கு முன் முதியவர் வேறொன்று செய்தார். இதைப் படித்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரைத் தேடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது. இந்த வகை ஆம்ப்பில் 400 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெபாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். ஆளைக் கொல்லப் போதுமானது. பிளக்கைப் பிடுங்கி, மல்டிமீட்டரின் கறுப்பு முனையைச் சேஸியில் கிளிப் போட்டு மாட்டி, இடது கையைப் பையில் விட்டுக்கொண்டு அளந்தார். பிறகு, நன்கு உறையிட்ட கம்பிகளின் நடுவே பற்றவைத்த பெரிய வாட் ரெசிஸ்டர் ஒன்றின் வழியாக மிச்ச மின்சாரத்தை வடியவிட்டு, மறுபடி அளந்தார். முள் பூஜ்யத்தில் நின்ற பிறகே கை உள்ளே போனது. ஸ்பீக்கரை இணைக்காமல் ஆம்ப்பை ஓட்டாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும் என்பதையும் இளைஞருக்குச் சொல்லி அனுப்பினார்.

அநாவசியமாகக் கழற்றிய வால்வுகளுக்கு எந்தக் குறையும் இல்லை. அவை ஸ்பேராக இப்போது நார்மல்காரர் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. அங்கேதான் இருக்க வேண்டும் என்பது சமாதானத்தின்போது அவர் போட்ட நிபந்தனை.