உப்பும் ஒரு நிபந்தனையும்

சென்ற ஆண்டு மாணாக்கருடன் சீகிரியாவுக்குக் கல்விச் சுற்றுலா சென்றிருந்தோம். குன்றினடியில் உணவருந்த அமர்ந்தபோது, விஞ்ஞானப் பிரிவு மாணவனொருவன் தான் கொணர்ந்த கடத்துதிறன்மானியை அருகிலிருந்த கிணற்று நீரில் இட்டான். எண் விரைந்தேறியது. மாத்தளை மாவட்டத்தின் அவ்வடபகுதி உலர் வலயத்தைச் சார்ந்தது; அங்கு நிலத்தடி நீரிற் கல்சியம், மகனீசியம் முதலியவற்றின் உப்புகள் மிகுதி.

"உப்பு மின்னைக் கடத்துமல்லவா, ஐயா!" என்றான் அவன். மாங்காய்க்கெனப் பொதிந்து வந்த உலர்ந்த உப்பில் அம்மானியை ஊன்றுமாறு கூறினோம். எண் அசையவில்லை, அவன் திகைத்தான்.

அவன் விஞ்ஞானத்திற் பிழைத்தான் என்பர் பலர். மொழியிற் பிழைத்தான் என்பதே எமது துணிபு. உப்புப் பளிங்கில் நேரேற்ற அயன்களும் மறையேற்ற அயன்களும் பெயரவியலாது கட்டுண்டு நிற்கின்றன. ஏற்றம் உண்டு; நடையில்லை. நீரிற் கரைந்தாலோ, 801 பாகை செல்சியசில் உருகினாலோ அவை கட்டவிழ்ந்து நடமாடும். அப்போதே மின் கடத்தும். பரடே 1834 இல் வழங்கிய 'அயன்' என்னும் பெயருக்குக் கிரேக்கத்தில் 'செல்வது' என்பதே பொருள்.

ஆகவே, 'கரைந்தால்' என்னும் வினையெச்சத்திலேயே இவ்வுண்மை தங்கியுள்ளது. தேர்வுக்கெனக் குறிப்புகளை மனனஞ் செய்யும் வழக்கம் முதலிற் பலிகொள்வது இத்தகைய நிபந்தனைச் சொற்களையே. இஃது ஏட்டளவில் நிற்கும் குறையன்று. வியர்வைக் கையால் பழுதுற்ற மின்னாளியைத் தொடுவோனின் உயிர் இந்நிபந்தனையிலேயே ஊசலாடுகின்றது. மானி காட்டும் எண்ணும் அவ்வாறே: கரைந்தவை எத்துணை என உணர்த்துமேயன்றி, எவை என உணர்த்தாது. உலர் வலய நீரில் தீங்கு செய்யும் புளோரைட்டை அவ்வெண் கொண்டு மட்டும் அறியலாகாது.

ஆனையிறவு உப்பைக் கரைத்து மின்பகுப்பால் எரிசோடாவும் குளோரீனும் ஆக்கிய பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, 1950களில் எழுந்து, பின்னர்ப் போரினால் முடங்கிற்று. இப்பாடத்திற்கு எம் வடபுலத்தில் அதனினும் சிறந்த சான்று வேறில்லை. இன்று அதன் பெயரையும் அறியாத மாணாக்கர் பலர்.

பழைய மாணவர்கள் யூபிலி நினைவாகக் கட்டடம் எழுப்ப விழைவது நன்றே. அதனோடு, ஒவ்வொரு மாணவனும் தன் கையாற் செய்து காண மின்கலங்களும் காபன் கோல்களும் ஓர் அம்பியர்மானியும் வாங்கித் தருவீர்களாக. உப்பும் நீரும் யாம் தேடிக்கொள்வோம். கண்டதை நிபந்தனை வழுவாது நற்றமிழில் எழுதப் பயிற்றுவது எமது கடன்.