காட்டுக்கு எத்தனை மாடி?

வெம்பக்கோட்டைப் பக்கம் மரம் நடுவிழா என்றால் மேடையில் முதலில் கேட்பது கன்றுகளின் எண்ணிக்கைதான். ஐந்நூறு, ஆயிரம் என்றதும் கைதட்டல் எழும். தீப்பெட்டிக்குள் குச்சிகளை அடுக்கியதுபோல் ஒரே வகைக் கன்றுகள் ஒரே உயரத்தில் வரிசையாக நிற்கும். இந்த எண்ணிக்கை காட்டை அளக்கப் போதாது என்பது என் கருத்து. பௌதிக ஆசிரியருக்குப் பறவைகளைப் பற்றி என்ன தெரியும் என்கிறீர்களா? அளவுகோல் தவறினால் விடையும் தவறும் என்பது பௌதிகத்தின் முதற்பாடம் அல்லவா?

அமெரிக்க உயிரியலறிஞர் ராபர்ட் மக்ஆர்தரும், பௌதிகரான அவர் சகோதரர் ஜானும் 1961-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். காட்டின் இலைகளை அவர்கள் மூன்று அடுக்குகளாகப் பிரித்தனர்: தரையிலிருந்து 2 அடி வரை, 2 முதல் 25 அடி வரை, அதற்கு மேல். ஒவ்வோர் அடுக்கிலும் உள்ள இலைகளின் பங்கை அதன் மடக்கையால் பெருக்கிக் கூட்டி, குறியை மாற்றினர். இலைகள் யாவும் ஒரே அடுக்கில் இருந்தால் விடை 0. மூன்றிலும் சமமாக இருந்தால், இயல் மடக்கையில் சுமார் 1.1. இவ்வெண் உயர்ந்த இடங்களில் பறவைகளின் வகைவளமும் உயர்ந்திருந்தது. அங்கே எத்தனை வகைத் தாவரங்கள் உள்ளன என்பதைவிட, இலைகள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்பதே நன்கு வழிகாட்டியது.

காரணம் எளிது. தவிட்டுக்குருவி தரையில் சருகைக் கிளறுகிறது. தையல்சிட்டு புதரில் பூச்சி தேடுகிறது. மரங்கொத்திக்கு முதிர்ந்த அடிமரம் வேண்டும். மாங்குயில் உச்சிக்கிளையை நாடுகிறது. ஒரு மாடி வீட்டில் இத்தனை குடும்பங்கள் குடியிருக்க முடியுமா?

நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. ஆனைமலையில் வால்பாறைத் தோட்டங்களுக்கிடையே சிதைந்து கிடந்த மழைக்காட்டுத் துண்டுகளில், நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்னும் அமைப்பு இரண்டு பத்தாண்டுகளுக்கு மேலாக அந்த மண்ணுக்குரிய பலவகை மரங்களை நட்டு வருகிறது. அவ்வாறு நட்டுப் பேணிய இடங்களில், தாமே வளரட்டும் என்று விட்ட சிதைந்த இடங்களைவிட மழைக்காட்டுப் பறவைகள் நன்கு மீண்டிருப்பதை 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆனால் வால்பாறையை அப்படியே இங்கே கொண்டுவர இயலாது. நம்முடையது மழை குறைந்த கரிசல் பூமி. கௌதாரிக்கும் வானம்பாடிக்கும் திறந்த புல்வெளியே வீடு. அங்கே நெருக்கமாக மரம் நட்டால் அவற்றை விரட்டியவர்களாவோம். கண்மாய்க் கரையிலும் வைப்பாற்றங்கரையிலும் நடுவதானால் மேலே ஆலும் வேம்பும், நடுவே விளாவும், கீழே இலந்தையும் ஆவாரையும் கலந்து நிற்கட்டும். சீமைக்கருவேலத்தை வெட்டியபின் வெறுந்தரையாக விடாமல், இவற்றைப் படிப்படியாக வளர்ப்பது நல்லது. உதிர்ந்த சருகைக் கூட்டிக் கொளுத்த வேண்டாம். அதுவும் ஓர் அடுக்குதான்.

அடுத்த நடுவிழாவுக்குப் பின் நீங்களே ஒரு சோதனை செய்யலாம். அடிக்கணக்கு குறித்த நீண்ட மூங்கிற்கழியை ஐம்பது இடங்களில் நிமிர்த்தி நிறுத்துங்கள். எந்தெந்த உயரத்தில் இலை தொடுகிறது என்று குறியுங்கள். கழிக்கு எட்டாத உயரத்தைக் கண்ணால் மதிப்பிடுங்கள். அதே இடத்தில் காலை ஏழு மணிக்குப் பறவை வகைகளை எண்ணுங்கள். ஆண்டுதோறும் இரண்டு எண்களையும் ஒரே வரைபடத்தில் குறித்து வாருங்கள். விழா மேடையில் வாசிக்கத் தகுந்த கணக்கு அதுவே.