துணுக்காய்க்கு எந்த ஹெட்போன்?

துணுக்காயில் வீட்டிலிருந்தே பாடல்களை மிக்சிங் செய்யும் இளைஞருக்கு ஹெட்போன் அனுப்ப எண்ணும் புலம்பெயர் உறவுகளே, விலையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.

பேஸ் ஒலியை மிகைப்படுத்தும் ஹெட்போன் கேட்க இன்பமானது. ஆனால் அதை நம்பி மிக்சிங் செய்பவர் பேஸைக் குறைத்துவிடுவார். அப்பாடல் பேருந்திலும் கோயில் ஒலிபெருக்கியிலும் மெலிந்து ஒலிக்கும்.

1997இல் வெளிவந்த சென்ஹைசர் எச்டி 600 இவ்விடயத்தில் நேர்மையானது. பின்புறம் திறந்த அமைப்பாதலால் வன்னி வெயிலிலும் காது அதிகம் புழுங்காது. ஆனால் வெளிச்சத்தம் தடையின்றி நுழையும்; 300 ஓம் என்பதால் நல்ல அம்பிளிபயரும் வேண்டும்.

1991இல் வந்த சோனி எம்டிஆர்-7506 மூடிய வகை, 63 ஓம். மடிக்கணினியிலேயே போதிய சத்தம் தரும். குரற்பதிவின்போது ஒலி மைக்கிற்குள் அதிகம் கசியாது. காது வியர்க்கும், மேற்சுருதி சற்றே கூர்மையானது. விலையோ குறைவு.

பதிவுக்கும் மிக்சிங்கிற்கும் ஒன்றே போதுமெனில், என் தெரிவு சோனிதான். மிஞ்சும் பணத்தில் ஒரு சோடி சிறு ஸ்பீக்கர்கள் வாங்கிக் கொடுங்கள். ஹெட்போனில் இடமும் வலமும் இயல்பைவிட விலகி ஒலிப்பதால், இறுதிச் சோதனை ஸ்பீக்கரில்தான் நடக்க வேண்டும்.

பொருளாதாரத் தடைக்காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டது வன்னி. அந்த மண்ணின் பாடல் சாதாரண ஸ்பீக்கரிலும் தெளிவாகக் கேட்கட்டும்.