ஆமென் சொல்ல வேண்டியது பிள்ளைதான்





"குழந்தைக்கு இப்போதே ஞானஸ்நானம் கொடுத்துவிடலாமா? இல்லை, வளர்ந்ததும் அவளே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிடலாமா?" இளம் பெற்றோர் பலர் இந்தக் கேள்வியை இப்போது வெளிப்படையாகவே கேட்கிறார்கள். முன்பெல்லாம் பல வீடுகளில் இதற்கு இடமே இருந்ததில்லை. குழந்தை பிறந்தால் ஆயரிடம் தேதி கேட்பார்கள், ஞானப் பெற்றோரைத் தேடுவார்கள், பிரியாணிக்குச் சொல்வார்கள். அவ்வளவுதான்.

இன்று வீடுகள் மாறியிருக்கின்றன. அப்பா, அம்மா இருவரும் சென்னையில் கிண்டியிலோ தரமணியிலோ ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். ஒருவர் சி.எஸ்.ஐ. என்றால் மற்றவர் பெந்தெகொஸ்தே. சில வீடுகளில் ஒருவர் கிறிஸ்தவர், மற்றவர் இந்து. இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டிகளும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். யார் மனதும் நோக வேண்டாம் என்றுதான், "அவளே பிறகு தேர்ந்தெடுக்கட்டும்" என்ற முடிவுக்கு இவர்கள் வருகிறார்கள்.

இதை வெளிநாட்டுப் பழக்கம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. நம் திருச்சபைகளுக்குள்ளேயே இது பழைய கேள்வி. கிண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னமலையையே பாருங்கள். அப்போஸ்தலர் தோமா தங்கியிருந்த இடம் என்று நாம் வழிவழியாக நம்பிவரும் மலை அது. போர்த்துக்கீசியர் 1551-ல் அங்கே கத்தோலிக்க ஆலயம் கட்டினார்கள். கத்தோலிக்க வழக்கப்படி கைக்குழந்தைக்கே திருமுழுக்கு உண்டு. நியூ லைஃப் ஏ.ஜி. என்ற பெந்தெகொஸ்தே சபை இருப்பதும் அதே சின்னமலையில்தான். பெந்தெகொஸ்தே வழக்கப்படி குழந்தையைப் பிரதிஷ்டை செய்து ஜெபிப்பார்கள். ஞானஸ்நானம், அந்தப் பிள்ளை வளர்ந்து, விசுவாசித்து, தானாக முன்வந்த பிறகுதான். ஒரே பேட்டையில் இரண்டு பதில்கள்!

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஞானஸ்நானத்துக்குக் காத்திருக்கும் வீட்டிலும் பிள்ளையை வெறுமனே விட்டுவைப்பதில்லை. சண்டே ஸ்கூல் உண்டு, குடும்ப ஜெபம் உண்டு, மே மாதம் வந்தால் வி.பி.எஸ். என்ற விடுமுறை வேதாகமப் பள்ளி உண்டு. முடிவுக்குக் காத்திருப்பது ஒன்று. எதையுமே கொடுக்காமல் இருப்பது வேறொன்று. இந்த இரண்டையும் நாம் குழப்பிக்கொள்கிறோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எதுவும் சொல்லாமல் வளர்த்தால் பிள்ளை நடுநிலையாக வளரும் என்பது நடக்கிற காரியமா? நாம் சொல்லாததை யூடியூப் சொல்லும், வகுப்புத் தோழன் சொல்வான். அதுகூடப் பரவாயில்லை. பாட்டி இறந்த அன்று, "பாட்டி எங்கேம்மா போனாங்க?" என்று ஐந்து வயதுக் குழந்தை கேட்கிறது. "நீ பெரியவளாகி முடிவு பண்ணிக்கோ" என்று அதனிடம் சொல்ல முடியுமா? அந்த நேரத்தில் நாம் உண்மையாக நம்புவதைத்தான் சொல்வோம். சொல்லவும் வேண்டும்.

தமிழுக்குத் தொண்டு செய்த இரண்டு கிறிஸ்தவர்களை இங்கே நினைத்துக்கொள்கிறேன். மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1826-ல் பிறந்தவர். எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1827-ல் பிறந்தவர்.

வேதநாயகம் பிள்ளை, திருச்சி அருகே குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் கிடைத்த விசுவாசத்தோடேயே கடைசிவரை வாழ்ந்தார். அதனால் அவர் மனம் குறுகிப்போயிற்றா? எல்லா மதத்தாரும் சேர்ந்து பாடுவதற்கென்றே சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை எழுதி 1878-ல் வெளியிட்டார். அந்தப் பாடல்கள் இன்றும் கச்சேரி மேடைகளில் ஒலிக்கின்றன. ஒரு மதத்தில் ஊறி வளரும் பிள்ளை மற்றவர்களை வெறுக்கும் என்று பயப்படுகிறவர்கள் அவரைப் பார்க்கட்டும்.

கிருஷ்ணபிள்ளையின் கதை வேறு. நெல்லைச் சீமையில், கரையிருப்பில், வைணவக் குடும்பத்தில் பிறந்தார். கம்பராமாயணத்தில் ஊறி வளர்ந்தார். சாயர்புரத்தில் மிஷன் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர், 1858-ல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். அப்போது அவருக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. முழுக்க முழுக்க அவரே தேர்ந்தெடுத்தது. ஆனால் அவர் வெறுமையாக வளர்ந்து தேர்ந்தெடுத்தவரா? இல்லையே! 1894-ல் வெளிவந்த அவருடைய இரட்சணிய யாத்திரிகக் காப்பியத்தில் கம்பனின் சாயலை யாரும் பார்க்கலாம். அவரைக் கிறிஸ்தவக் கம்பர் என்றே அழைக்கிறோம். பெற்றோர் கொடுத்த பக்தி மனம் அவர் மதம் மாறிய பிறகும் வீணாகவில்லை.

இங்கே நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய சங்கடமான கேள்வி ஒன்று இருக்கிறது. கிருஷ்ணபிள்ளை கிறிஸ்துவிடம் வந்ததை நாம் நூற்றாண்டு கடந்தும் கொண்டாடுகிறோம். அந்த வைணவ வீட்டுக்கு அந்த நாள் எப்படி இருந்திருக்கும் என்று என்றாவது நினைத்தோமா? அவருக்கு இருந்த அதே சுதந்திரம் நம் பிள்ளைக்கும் உண்டு என்று ஒப்புக்கொள்ள முடிகிறதா?

ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1989-ல் உருவாகி, 1992-ல் இந்தியாவும் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 14-ஆம் பிரிவு இரண்டையும் சேர்த்தே சொல்கிறது: குழந்தைக்கு மனச்சாட்சி, மதச் சுதந்திரம் உண்டு. அதன் வளர்ச்சிக்கு ஏற்ப வழிகாட்டும் உரிமையும் கடமையும் பெற்றோருக்கு உண்டு. பிள்ளை வளர வளர நம் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிய வேண்டும் என்பதே இதன் பொருள்.

நம் சபைகளில் அதற்கு ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. சி.எஸ்.ஐ.யில் திடப்படுத்தல். கைக்குழந்தையாக இருந்தபோது தனக்காகப் பெரியவர்கள் கொடுத்த வாக்கைப் பிள்ளை தன் வாயால் ஏற்கும் நாள் அது. ஆனால் அதை நாம் எப்படி நடத்துகிறோம்? "வயசாச்சு, கன்ஃபர்மேஷன் கிளாஸில் சேர்த்துவிடு." வெள்ளை உடை, போட்டோகிராஃபர், மதியச் சாப்பாடு. "உனக்கு விருப்பமா?" என்று யாரும் கேட்பதில்லை. "இன்னும் ஒரு வருஷம் யோசிக்கிறேன்" என்று ஒரு பெண் சொன்னால் வீடே கலவரமாகிறது. நான் சொல்கிறேன், அவள்தான் அதை உண்மையாக எடுத்துக்கொண்டவள். அவளைக் காத்திருக்க விடுங்கள்.

கேள்வி கேட்டால் அடக்காதீர்கள். சின்னமலையில் நாம் நினைவுகூரும் தோமாவே, காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றவர்தானே! ஆண்டவர் அவரைத் துரத்தவில்லை, பக்கத்தில் கூப்பிட்டார். சேட்டை செய்யும் குழந்தையிடம் "இயேசப்பா அடிப்பார்" என்று சொல்லும் பழக்கத்தையும் விட்டுவிடுவோம். நேசிக்க வேண்டியவரை அடிக்கிறவராக அறிமுகம் செய்வது எவ்வளவு பெரிய அநியாயம்!

இன்னொன்றும் மனம் திறந்து சொல்லிவிடுகிறேன். வளர்ந்த பிள்ளைகள் ஆலயத்தை விட்டு விலகுவதற்குக் காரணம் அறிவியல் புத்தகங்கள் என்று நினைக்கிறோம். நான் பேசிப் பார்த்த பிள்ளைகள் சொன்ன காரணம் வேறு. ஞாயிறு காலை "எல்லோரும் ஒரே சரீரம்" என்று கேட்டுவிட்டு, சாயந்திரம் அக்காவுக்கு வரன் பார்க்கும்போது அதே பெற்றோர் சாதி கேட்பதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்குத் தனி டம்ளர் இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். எந்த சண்டே ஸ்கூல் பாடமும் இதை ஈடு கட்டாது.

ஆகவே, விசுவாசத்தைக் கூச்சமில்லாமல், முழுமையாகக் கொடுங்கள். ஜெபத்தையும் பாட்டையும் வேதக் கதைகளையும் கொடுங்கள். இரண்டு மதங்கள் சேர்ந்த வீடானால், அம்மா நம்புவதை அம்மாவும் அப்பா நம்புவதை அப்பாவும் ஒருவரையொருவர் பழிக்காமல் சொல்லிக்கொடுங்கள். முடிவில் ஆமென் சொல்ல வேண்டியது பிள்ளைதான். அது வர நாளாகலாம். வராமலும் போகலாம். அப்படிப் போனாலும் கிறிஸ்துமஸ் சாப்பாட்டுப் பந்தியில் அவன் இடம் அவனுக்குத்தான். அவன் பேரைச் சொல்லி நாம் செய்யும் ஜெபத்தையும் நிறுத்தப்போவதில்லை.

உங்கள் வீட்டில் யாராவது இந்த வருஷம் திடப்படுத்தல் வகுப்புக்குப் போகிறார்களா? இன்று இரவே பக்கத்தில் உட்காரவைத்து, "உனக்கு இதில் விருப்பமா?" என்று கேளுங்கள். குறுக்கே பேசாமல் முழுவதையும் கேளுங்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எங்களுக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்