வேலிக்கு விலை கேட்கும் முன்...

‘‘ஹட்டியில் இருந்து கொஞ்சம் தள்ளி, தேயிலைக்கு நடுவில் 12 சென்ட் இடத்தில் வீடு கட்டியிருக்கிறோம். சுற்றி வேலி போட இரண்டு பேரிடம் விலை கேட்டோம். ஒருவர் சொன்ன தொகையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இன்னொருவர் சொல்கிறார். இரண்டும் வெறும் வாய்வார்த்தைதான். காட்டெருமை தினமும் வருகிறது. மேல்பக்கத்து நிலம் என் கணவரின் அண்ணனுடையது. எங்கள் நிலப் பட்டா இன்னும் கூட்டுப் பட்டாவாகவே இருக்கிறது. யார் சொல்லும் விலையை நம்புவது?’’

- வாசகி, இத்தலார், நீலகிரி மாவட்டம்.

இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்லியிருக்கக் கூடும். ஒருவர் 12 கேஜ் கம்பியை நினைத்துச் சொல்லியிருப்பார், இன்னொருவர் 10 கேஜை நினைத்திருப்பார். ஒருவர் கேட்டையும் சேர்த்திருப்பார், இன்னொருவர் விட்டிருப்பார். என்ன வேலி, எத்தனை அடி, எந்தக் கால் என்று கேட்கிறவர் சொல்லாவிட்டால், விலை சொல்கிறவர் தன் மனதில் இருக்கும் வேலிக்குத்தான் விலை சொல்வார். ஆகவே, ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி, அதே தாளின் நகலை இரண்டு பேரிடமும் கொடுத்து விலை கேட்பதுதான் வழி. அந்தத் தாளை எழுதுவதற்கு முன்னால் முடிக்கவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

கேள்வியின் கடைசியில் போகிறபோக்கில் சொல்லப்பட்டிருக்கும் கூட்டுப் பட்டாதான் இதில் பெரிய விஷயம். கூட்டுப் பட்டாவில் இன்னாருக்கு இந்த மூலை என்று அரசாங்கக் காகிதத்தில் எதுவும் இருக்காது. தாத்தா காலத்தில் வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்ட வரப்பையும், ஒரு தேயிலை வரிசையையும் நம்பித்தான் இரண்டு குடும்பமும் இதுவரை இலை பறித்துக்கொண்டிருக்கும். வேலி போட்டதும் அந்த வாய்ப்பேச்சு கல்லில் நட்டதுபோல ஆகிவிடும். ‘தம்பி ஓர் அடி உள்ளே வந்துவிட்டான்’ என்ற பேச்சு அன்றைக்குத்தான் தொடங்கும். வேலியைப் பிடுங்கித் திரும்ப நடும் செலவை எந்த மேஸ்திரியும் தன் கணக்கில் எழுதித் தரமாட்டார்.

முதலில் பட்டா, புல வரைபடம் இரண்டையும் இணையத்திலோ, தாலுகா அலுவலகத்திலோ எடுத்துக்கொள்ள வேண்டும். பாகம் பிரித்துத் தனிப் பட்டா வாங்கி, உட்பிரிவு செய்து சர்வேயரைக் கொண்டு கல் நட்டுக்கொள்வது நல்லது. அதற்கு நாளாகும் என்றால், குறைந்தபட்சம் அண்ணன் குடும்பத்தையும் ஊரில் பெரியவர் ஒருவரையும் நிற்கவைத்துக் கயிறு பிடித்து, முளைக்குச்சி அடித்து, இரண்டு தரப்பும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். தனிப் பட்டாவுக்கு அது ஈடாகாது. ஆனாலும், நாளைக்கு ‘எனக்குச் சொல்லவில்லை’ என்ற பேச்சு வராது. பழைய சர்வே கல் கிடைத்தால் அதை யாரும் அசைக்கக் கூடாது, வேலிக்குக் காலாகவும் பயன்படுத்தக் கூடாது.

அதே நாளில் நடைபாதையையும் பேசிவிட வேண்டும். இலை பறிக்கப் போகிறவர்கள் எந்த வழியாகத் தலைச்சுமையோடு இறங்குகிறார்கள், தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கமாக வருகிறது, மேல் நிலத்து மழைத்தண்ணீர் எந்த ஓடையில் வடிகிறது... இவை எதுவும் வரைபடத்தில் இருக்காது. மலை ஊர்களில் எல்லைத் தகராறுக்கு நிகராக வழித் தகராறும் உண்டு.

அடுத்தது அளவு. சமவெளியில் வரைபடத்தைப் பார்த்தே சுற்றளவைச் சொல்லிவிடலாம். மலையில் முடியாது. புல வரைபடத்தில் இருக்கும் நீளம், சரிவைக் கணக்கில் எடுக்காமல் படுக்கைவாட்டில் அளந்தது. வேலியோ சரிவின்மேல் ஏறி இறங்கவேண்டும். உதாரணமாக, 90 அடிக்கு 58 அடி என்றால் ஏறக்குறைய 12 சென்ட் வரும். வரைபடப்படி சுற்றளவு 296 அடி. 58 அடிப் பக்கங்கள் இரண்டும் 25 டிகிரி சரிவில் மேலேறுகின்றன என்றால், ஒவ்வொன்றும் தரையில் 64 அடி ஆகிவிடும். மொத்தம் 308 அடி. இந்த 12 அடியை வேலை முடிந்தபிறகு ‘கூடுதல் வேலை’ என்று பில்லில் பார்ப்பதைவிட, முன்பே தரையோடு டேப்பை இழுத்து அளந்துகொள்வது மேல். காலடியால் அளக்கும் பழக்கம் சரிவில் பொய் சொல்லும்.

இனி காட்டெருமை. வீட்டு வேலியால் காட்டெருமையை நிறுத்த முடியாது. வளர்ந்த கடா ஒன்று ஏறக்குறைய ஒரு டன் எடை வரை இருக்கும். ஐந்தடி வலையைத் தாண்டவும் செய்யும், சாய்த்துக்கொண்டும் போகும். ‘காட்டெருமை வராத வேலி போட்டுத் தருகிறேன்’ என்று யாராவது கூடுதல் தொகை கேட்டால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திக்கொள்ளலாம். முள்கம்பியை நெருக்கி அடித்தால் அது காயப்பட்டு, வெறியோடு வாசலில்தான் நிற்கும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு அது என்பதையும் மறக்கக் கூடாது. வீட்டு மின் இணைப்பில் இருந்து கம்பிக்குக் கரண்ட் கொடுப்பது குற்றம். அதில் மனிதர்களும் சாவதுண்டு. விட்டுவிட்டுத் துடிப்பாகப் பாயும் சூரிய மின்வேலி வேறு வகை. அதற்கும் காப்புக்காட்டை ஒட்டிய பகுதிகளில் 2023-ம் ஆண்டின் மின்வேலி விதிகளின்படி வனத்துறையின் அனுமதியும் பதிவும் வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறை பாதி மானியத்தில் சூரிய மின்வேலி அமைத்துக் கொடுத்திருக்கிறது. அது விளைநிலத்துக்கான திட்டம். கேரட், பூண்டு போட்டிருக்கும் காட்டுக்கு வேண்டுமானால் ஊட்டியில் உள்ள அந்தத் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

காட்டெருமை தினமும் வருகிறது என்றால் அதற்கு ஒரு தடம் இருக்கும். சாணமும் குளம்படியும் பார்த்தால் பிடிபட்டுவிடும். அந்தத் தடம் 12 சென்டின் ஓரமாகப் போனால், அந்த ஓரத்தை வேலிக்கு வெளியே விட்டுவிடலாம். முழு இடத்தையும் வளைக்கவேண்டும் என்று கட்டாயம் ஏதும் இல்லை. வீடு, சமையலறைத் தோட்டம், பிள்ளைகள் விளையாடும் முற்றம் ஆகியவற்றை மட்டும் வளைத்தால் செலவும் குறையும். சிறுத்தைக்குப் பயந்தும் சிலர் உயரமான வேலி கேட்கிறார்கள். அதற்கு நாயையும் கோழியையும் இரவில் கூரை போட்ட கூண்டில் அடைப்பதுதான் மருந்து. காட்டுப்பன்றிக்கு மட்டும் வலை வேலி ஓரளவு உதவும், அடிப்பகுதி தரையோடு இறுக்கமாக இருந்தால்.

இதெல்லாம் முடிவான பிறகு தாளை எழுதலாம். மேலே சொன்ன 308 அடியில் கேட்டுக்கு 10 அடி போக 298 அடி வேலி. வலை உயரம் 5 அடி. கால் 7 அடி, அதில் 2 அடி மண்ணுக்குள். 8 அடிக்கு ஒரு கால் என்றால் ஏறக்குறைய 38 கால் தேவைப்படும், 10 அடிக்கு ஒன்று என்றால் ஏறக்குறைய 30 போதும். விலை குறைவாகச் சொல்கிறவர் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் குறைத்திருப்பார். கால் எது? கல்காலா, சிமென்ட் கம்பமா, இரும்பு ஆங்கிளா என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். இரும்பு என்றால் துத்தநாகப் பூச்சா, வெறும் பெயின்ட்டா என்பதும் வேண்டும். மாதக்கணக்கில் மஞ்சு மூடும் ஊரில் வெறும் பெயின்ட் நிற்காது. மூலைக்காலுக்கும் கேட் காலுக்கும் முட்டுக்கால் உண்டா, குழியில் கான்கிரீட் போடுவார்களா, மண் மட்டும்தானா?

வலைக்கு கேஜ் எண்ணைச் சொல்லியே தீர வேண்டும். எண் கூடினால் கம்பி மெலியும். 10 கேஜ் கம்பி 3.25 மில்லிமீட்டர், 12 கேஜ் 2.64 மில்லிமீட்டர். பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால், ஒரே கண் அளவுள்ள வலையில் 10 கேஜின் எடை 12 கேஜைப்போல ஒன்றரை மடங்கு. பச்சை பிளாஸ்டிக் பூசிய வலையில், பூச்சோடு சேர்த்து அளந்து கேஜ் சொல்வார்கள். உள்ளே இருக்கும் கம்பியின் கேஜ் எவ்வளவு என்று கேட்க வேண்டும். ஒரு துண்டை வாங்கி முனையைச் சுரண்டிப் பார்த்தால் போதும்.

கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம் ஆட்களிடம் விலை கேட்டால், சாலையில் இருந்து வீடு வரை சுமந்து வரும் கூலி யாருடையது என்பது தாளில் இருக்க வேண்டும். லாரி நிற்கும் இடத்தில் இறக்கிவிட்டு ‘எங்கள் வேலை இவ்வளவுதான்’ என்று சொன்னால், 38 கல்காலைத் தேயிலைச் சந்தில் தூக்கி வருவதே தனிச்செலவு ஆகிவிடும். குழி தோண்டும்போது பாறை வந்தால் என்ன கணக்கு, ஆட்கள் தங்கும் இடம், ஜி.எஸ்.டி சேர்த்தா சேர்க்காமலா என்பவையும் அதே தாளில் வரட்டும். மட்டம் செய்ய பொக்லைன் கொண்டு வருவதாகச் சொன்னால், மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் நீலகிரியில் அதை இயக்க முடியாது. வேலிக்கோட்டில் சில்வர் ஓக் நின்றால் அதை வெட்டவும் 1955-ம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். மரத்தை விட்டு ஓர் அடி விலகி வேலியை வளைப்பது சுலபம்.

வலைக்கு அடியில் சிறு சுவர் கட்டலாம் என்று ஒருவர் யோசனை சொல்லக் கூடும். சரிவின் குறுக்கே வரும் பக்கத்தில், தண்ணீர் வெளியேறும் துளைகள் இல்லாமல் அதைக் கட்டவே கூடாது. 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழையில் துளை இல்லாத சுவர் அணையாக மாறி, மண்ணோடு வீட்டுப் பக்கமே சரியும்.

இரண்டு பேரையும் இடத்துக்கு வரவழைத்துக் காட்டிய பிறகே விலையை எழுதி வாங்க வேண்டும். பொருள், கூலி, சுமை, கேட் என்று தனித்தனியாகவும், அந்த விலை எத்தனை நாளைக்குச் செல்லும் என்பதோடும் எழுதித் தரச் சொல்லலாம். முன்பணத்தைப் பொருள் வந்து இறங்கும்போது கொடுத்தால் போதும். தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே வேலை முடிய வேண்டும் என்றால், பிப்ரவரி மாதத்துக்குள் அண்ணன் வீட்டோடு கயிறு பிடித்தாக வேண்டும்.